நான் கெடுத்த கீப்பர்

எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணியில் பல காலம் நான்தான் முதல்தர ஆட்டக்காரன். இதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் யார் யார் என்று யாரும் கேட்காதவரை இந்தப் பெருமைக்கு ஆபத்தும் இல்லை.

அரநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில் சமதரை என்பது கோயில் முற்றத்துக்கும் ஃபெக்டரி வாசலுக்கும் எழுதிவைத்த சொத்து. மேலே தேயிலை, கீழே றப்பர், நடுவே மிஞ்சிய துண்டில் எங்கள் மைதானம். ஒரு கோல் மேட்டில், மற்றது பள்ளத்தில். பள்ளத்துக் கோலைத் தாண்டிய பந்து றப்பர் மரங்களுக்குள் உருண்டு ஓடையில்தான் நிற்கும். எடுக்கப் போனவன் காலில் அட்டையோடு திரும்புவான். நாணயம் சுண்டி ஜெயித்தால் நான் மேட்டுப் பக்கத்தைத்தான் கேட்பேன். பாதி வேலையைச் சரிவு செய்துவிடும். மீதிப் பாதியை எதிரணிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். கோல் விழுந்த பிறகு கையை விரித்துக்கொண்டு ஓடுவது மட்டும் என் பங்கு.

ஆட்டத்தைவிடப் பயிற்சியில்தான் என் தந்திரம் அதிகம். ஜோடி ஜோடியாகப் பிரிந்து பந்து தள்ளிப் பழகும்போது, யார் பக்கத்தில் நின்றால் நான் நன்றாகத் தெரிவேனோ அவனிடம் போய் நிற்பேன். அவன் காலிலிருந்து வரும் பந்து களைத்துப்போய் வரும். சில நேரம் பாதி வழியில் புல்லிலேயே உட்கார்ந்துவிடும். அப்படி வரும் பந்தை ஏற்க வித்தை எதுவும் வேண்டாம். உள்ளங்காலால் மிதித்து, நிமிர்ந்து, எதிரே மலையைப் பார்த்து, யாருக்குத் தள்ளலாம் என்று யோசித்து, பிறகு தள்ளலாம். என் கால் அப்படியே பழகிவிட்டது. வேகமாக வரும் பந்தை உடம்பைத் திருப்பிக்கொண்டே வாங்கி, அதே அசைவில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்த விளையாட்டின் பாதி. பார்சிலோனாவில் யோஹான் குரைஃப் காலத்திலிருந்து ஆட்டக்காரர்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் ஒன்றிரண்டு பேரை விட்டுப் பந்தைப் பறிக்கச் சொல்கிறார்களே, அது இதற்காகத்தான். நடுவில் நிற்கிறவன் வெறியோடு ஓடினால்தான் வட்டத்தில் நிற்கிறவனுக்குக் கால் தேறும். எங்கள் வட்டத்தின் நடுவில் நிற்கிறவன் பெரும்பாலும் கதை பேசிக்கொண்டிருப்பான். அந்த இடத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

பால்வெட்டுக்காரர்களுக்குத் தெரியும்: சிரட்டையில் மழைத்தண்ணி விழுந்தால் வாளி சீக்கிரம் நிறைந்துவிடும். மெட்ரோலக் என்ற கருவியை றப்பர்ப் பாலுக்குள் இறக்கினால்தான் அதில் றப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்பது வெளியே வரும். என் கோல் கணக்கும் அப்படி நிறைந்த வாளிதான். மெட்ரோலக் தீபாவளிக்கு வந்து சேரும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பையன்களில் பலர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள். துணிக்கடை, இரும்புக்கடை, சாப்பாட்டுக்கடை. முதலில் கிளம்புகிறவன் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான். வேகமாக ஓடுகிறவன், புதிய ஆட்களிடம் கூச்சப்படாமல் பேசுகிறவன். அவன் பஸ் ஏறும்போது எங்கள் நடுக்களமும் கூடவே ஏறிப் போகிறது. மிஞ்சுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள், முழங்கால் தேய்ந்த பெரியவர்கள், அப்புறம் நான். அணியின் தரம் பயிற்றுனர் கையில் இருக்கிறது என்பார்கள். எங்கள் அணியின் தரம், கொழும்பில் எந்த முதலாளிக்கு ஆள் தேவை என்பதில் இருக்கிறது.

தீபாவளிக்கு அவர்கள் வந்து இறங்குவார்கள். கொழும்பில் ராத்திரி வெளிச்சத்தில் புட்சால் ஆடிப் பழகிய கால்கள். அவர்கள் தள்ளும் பந்து என் காலில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறும். முதல் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டபடி பந்தின் பின்னால் ஓடுவேன். சில மாலைகள் போனதும் ஒரு அதிசயம் நடக்கும். கால் தானாகத் தளர்ந்து பந்தை வாங்கும். பந்து வந்து சேருமுன்பே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். யாரும் எனக்கு எதையும் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள். வேகமான பந்து வந்தது, அவ்வளவுதான். பிறகு லீவு முடிந்து அவர்கள் பஸ் ஏறுவார்கள். அப்போது எனக்கு வருத்தம் வரவேண்டும். வந்ததெல்லாம் நிம்மதி. நாளையிலிருந்து மறுபடியும் நான்தான் முதல்தர ஆட்டக்காரன். தைப்பொங்கலுக்குள் என் கால் பழையபடி மிதித்து நிமிரத் தொடங்கிவிடும்.

மே மாத மழையில் பயிற்சியே கிடையாது. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களை மூடியதைக் கண்ட ஊர் இது. மழை பிடித்தால் சரிவில் நிற்கச் சொல்லி நான் யாரையும் கூப்பிடமாட்டேன். இதில் மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை.

ஒரு வருஷம் ரோஷம் வந்து, நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி மாவனல்லைக்கு இறங்கினேன். அங்கே ஒரு மாலை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மரியாதையான பையன்கள். "வாங்கண்ணே, இப்படி ஓரமா நில்லுங்க" என்றார்கள். நின்றேன். ஆட்டம் முடியும்வரை ஓரமாகத்தான் நின்றேன். எனக்குத் தந்த பந்து திரும்பி வராது என்பதை இரண்டாவது பாஸிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு, வெளியே போன பந்தை எடுத்து உள்ளே எறிவது என் பொறுப்பு. வீட்டுக்கு வந்தபோது கால் வலிக்கவில்லை, தோள் வலித்தது. விடாமல் பல கிழமைகள் போனேன். என் ஆட்டத்தில் முன்னேறியது எறிதல் ஒன்றுதான்.

இதற்கு ஒரு ஜெர்மன்காரர் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் என்று பிறகுதான் வாசித்தேன். 1920களில் ஓட்டோ கோலர் என்பவர், பெர்லின் படகுவலிப்புக் கழகத்துக்காரர்களிடம் 41 கிலோ பாரத்தைக் கொடுத்துக் கை சோரும்வரை தூக்கி இறக்கச் சொன்னார். பிறகு இரண்டிரண்டு பேருக்கு 82 கிலோ. ஒருவன் விட்டால் மற்றவனாலும் தாங்க முடியாது. தனியாகத் தூக்கும்போது சீக்கிரம் சோர்ந்த ஆள், ஜோடியாக நின்றபோது கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தான். ஆனால் ஒன்று: இருவருக்கும் பலத்தில் ஓரளவு வித்தியாசம் இருக்கும்போதுதான் இந்த லாபம். சரிசமம் என்றால் லாபம் குறைவு. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றாலும் குறைவு. தோட்டத்தில் நான் மலை, மாவனல்லையில் மடு. இரண்டு இடத்திலும் யாருக்கும் லாபமில்லாத ஆள்.

எனக்குச் சாதகமாக ஓர் ஆய்வும் அகப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்பது குலுக்கல் மாதிரி அமைவதால், கூட ஆடுபவரின் திறமை மற்றவரின் ஆட்டத்தை மாற்றுகிறதா என்று பொருளியலாளர்கள் மூன்று பேர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அப்படி ஒன்றும் தென்படவில்லையாம். கொஞ்ச நாள் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூட ஆடுகிறவன் யாராக இருந்தால் என்ன, எல்லாம் நம் கையில் என்று. என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க தேறினவங்க, போட்டியில ஆடுறாங்க. நீங்க தேறிட்டீங்களா?" என்றாள். அத்தோடு கோல்ஃப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

நாட்டு அணியைப் பார்க்கும்போதும் எனக்குக் கோலரின் கணக்குத்தான் மனதில் ஓடுகிறது. 2021 ஜூனில் லெபனானிடம் 3-2 எனத் தோற்ற ஆட்டத்தில் இலங்கையின் இரண்டு கோலையும் போட்டவர் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராஸிக். பீபா தரவரிசையில் 200க்கும் பின்னால் கிடந்த அணி அது. அதன் பிறகு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பந்து பழகிய, இலங்கை வேர் உள்ள வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போனோம். கோல் போட்டவரின் பெயர் பத்திரிகையில் வரும். அவரை முகாமில் நாள்தோறும் மறித்து மறித்து மூச்சு வாங்கிய உள்ளூர்ப் பின்கள ஆட்டக்காரனின் பெயர் வராது. மெச் தொண்ணூறு நிமிஷம்தான். முகாமோ பல நாள். உண்மையான லாபம் அந்தப் பின்கள ஆட்டக்காரனின் கால்களில் சேர்ந்தது என்பது என் எண்ணம். பிறகு முகாம் கலைகிறது, இவர் பிளேன் ஏறுகிறார், அவன் தன் கழகத்துக்குத் திரும்புகிறான். அங்கேயும் எங்கள் தீபாவளிக் கதைதான்.

நல்ல ஜோடி வெளியிலிருந்து வராவிட்டால் நானே மற்றவர்களுக்கு நல்ல ஜோடியாகிவிடுவது என்று ஒரு கட்டத்தில் முடிவெடுத்தேன். இதற்குக் காரணம் எரிக் கன்டோனா. 1992 நவம்பரில் லீட்ஸிலிருந்து மென்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்த புதிதில், பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், மனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனிடம் இளம் வீரர்கள் இரண்டு பேரையும் ஒரு கீப்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் மைதானத்திலேயே நின்றாராம். போகப் போக மற்றவர்களும் நிற்கத் தொடங்கினார்கள். 26 வருஷத்துக்குப் பிறகு அந்தப் பருவத்தில் அணி லீக் பட்டத்தை எடுத்தது. கன்டோனாவிடமிருந்து அணிக்குக் கிடைத்ததில் பெரியது அந்தப் பயிற்சிப் பழக்கம்தான் என்று ஃபெர்குசன் எழுதியிருக்கிறார்.

நானும் அவரைப் போலச் சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் இரண்டு பையன்களையும் எங்கள் கீப்பரையும் நிறுத்தினேன். பையன்கள் பந்து தர, நான் கோலுக்கு உதைக்க. என் திட்டம் அவ்வளவுதான். அவர்கள் எப்போது உதைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் உதைகளில் பெரும்பாலானவை றப்பர் மரங்களுக்குள் போயின. பையன்கள் மாறி மாறி ஓடைக்கு இறங்கி ஏறினார்கள். அதில் ஒருவன் அந்த வருஷப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். என் பயிற்சியால் பலன் கண்ட ஒரே ஆள் அவன்தான்.

கீப்பரின் கதைதான் பாவம். நல்ல உயரம், நல்ல கை, பயம் என்பது கிடையாது. என் உதைகளில் தப்பித்தவறிக் கோலை நோக்கிப் போனவை எல்லாம் ஒரே மாதிரி: இடுப்புயரம், அவனுடைய இடது கைப் பக்கம், மெதுவாக. எனக்கு வேறு உதை வராது. மாலை மாலையாக அவன் அதைப் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க அவனுக்கு நம்பிக்கை ஏறியது. ஒரு கீப்பரை உருவாக்குகிறேன் என்று எனக்கும் ஏறியது.

தேர்ந்த கீப்பர்கள் உதைப்பவனின் இரண்டு கால்களையும் பந்தையும் கவனித்து, முடிந்தமட்டும் தாமதித்துத்தான் பாய்வார்கள் என்று, அவர்கள் கண் போகும் இடத்தைப் பதிவுசெய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில் பாதிச் செய்தி இருக்கிறது. எங்கள் பையனுக்குப் படிக்கக் கிடைத்தது என் கால். என் ஊன்றுகால் ஓடையைப் பார்க்கும், இடுப்பு ஃபெக்டரியைப் பார்க்கும், பந்து அவன் இடது கைக்குப் போகும். காலைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று முடிவுகட்டி, அவன் பார்ப்பதையே விட்டுவிட்டான். கெட்டிக்காரன் என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டான்.

பக்கத்துத் தோட்டத்தோடு ஆடிய ஆட்டம் பெனால்டிக்குப் போனது. முதல் உதைக்கு எங்கள் கீப்பர் இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம் போனது. இரண்டாவது உதைக்கும் இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம். மூன்றாவது ஆள் ஓடி வருமுன்பே இவன் இடது பக்கம் விழுந்து கிடந்தான். அதற்குப் பிறகு வந்தவர் யாரும் ஓடி வரவில்லை. நடந்து வந்து உருட்டிவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், "அந்தப் பக்கம் யாராச்சும் காசு போட்டு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் நானும் ஒன்று உதைத்தேன். இடுப்புயரம், மெதுவாக. அவர்களுடைய கீப்பர் நின்ற இடத்தில் நின்றபடியே வாங்கிக்கொண்டான்.

எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கீப்பரின் தோளில் கைபோட்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாயணும்டா தம்பி" என்று அறிவுரை வேறு சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உங்க அடி மட்டுந்தானேண்ணே எனக்குத் தெரியும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது அவனும் கொழும்பில். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரோடோ ஆடுகிறானாம். போன தீபாவளிக்கு வந்தபோது இரண்டு பக்கமும் பாய்ந்தான். என் உதைக்குப் பாயவில்லை, தேவைப்படவில்லை.

அணி பிரிக்கும் வேலை இப்போது பையன்கள் கையில். தேயிலை மலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். அந்தக் கணக்கை மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆள் எண்ணும்போது எனக்கு அரைப்பேர். இன்னொரு அரைப்பேர் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பொடியன். நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு ஆள். ஜோடிப் பயிற்சியிலும் அவன்தான் எனக்கு. பலத்தில் ஓரளவு வித்தியாசம், கோலர் சொன்ன அளவுக்குத்தான். அதில் யார் மேல், யார் கீழ் என்பதை நான் எழுதப்போவதில்லை. போன கிழமை அவன் பெரியவன்களிடம் போய், தனக்கு வேறு ஜோடி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.