கடற்கரை இல்லாத மாவட்டத்தின் கடற்கரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை என்று பள்ளிக்கூட வரைபடம் சொல்கிறது. நம்பாதீர்கள். இருக்கிறது. பெயர் பரங்கிப்பேட்டை. வரைபடத்தில் அது கடலூர் மாவட்டம்; குப்பைக் கணக்கில் நம்முடையது.

வழி சொல்கிறேன். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அருகே அணையில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுக் கள்ளக்குறிச்சி நகரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அப்புறம் மணிமுத்தாறு. விருத்தாசலம் தாண்டிக் கூடலையாத்தூரில் வெள்ளாறு. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டை முகத்துவாரம். சாக்கடையில் எறிந்த டீ கப், கரையில் வீசிய கோழிக்கடை மூட்டை எல்லாவற்றுக்கும் இந்தப் பயணம் இலவசம்.

கோயில் கருவறையிலிருந்து அபிஷேக நீர் வழியும் கல்வாய்க்கும் கோமுகி என்றுதான் பெயர். அந்தக் கோமுகியில் வழிவதைத் தலையில் தெளித்துக்கொள்கிறோம். இந்தக் கோமுகியைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது மூடத்தனம் என்பார்கள். சுந்தரர் அதைச் செய்து காட்டினார். முதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை இதே மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். அவருக்குச் சிவபெருமான் துணை. நம் உள்ளாட்சிக்கு அந்தத் துணைகூடத் தேவையில்லை. கோமுகியில் போட்டது தானாகவே கடலுக்குப் போகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: சுந்தரர் போட்டதைச் சுந்தரரே எடுத்தார். இங்கே போடுபவர் ஒருவர், வலையில் எடுப்பவர் பரங்கிப்பேட்டை மீனவர்.

யார் பொறுப்பு என்று கேட்டுப்பாருங்கள். சாக்கடை நகராட்சிக்கு, அது விழும் ஆறு நீர்வளத் துறைக்கு, கரைப் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, நாற்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, கொசு சுகாதாரத் துறைக்கு, கடல் அடுத்த மாவட்டத்துக்கு. ஒரு சொட்டு நீருக்கு இத்தனை பங்காளிகள்! ஆனால் கடன்காரன் வந்து கதவைத் தட்டினால் வீட்டில் ஒருவரும் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974இல். ஐம்பது வயதைக் கடந்தும் அது இந்தப் பக்கம் இன்னும் பணியில் சேரவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரி 1. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது அதே ஆண்டு நவம்பர் 26. ஆக, பிறக்கும்போதே பிளாஸ்டிக் இல்லாத மாவட்டம். காகிதத்தில்.

அரசாங்கத்துக்கு இந்த ஆற்றங்கரைக்கு வழி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இதே கோமுகிக் கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. கலெக்டருக்கு மாற்றல், எஸ்.பி.க்குப் பணியிடை நீக்கம், விசாரணைக்கு ஆணையம் எல்லாம் மின்னல் வேகத்தில் வந்தன. சாராயம் அவசரக்காரன், சில நாளிலேயே கொன்று அதிகாரிகளையும் மாட்டிவிட்டது. சாக்கடை அடக்கமானது. வருஷக்கணக்கில், தன் பெயர் வெளியே வராமல், யார் நாற்காலியையும் அசைக்காமல் வேலையைச் செய்கிறது. இவ்வளவு ஒழுங்கான ஊழியர் மேல் யார் நடவடிக்கை எடுப்பார்கள்?

மலைமேலும் அதே கதைதான். சாராய ஊறலைப் பிடித்தால் பேரலைக் கவிழ்த்துப் படம் எடுத்து ‘அழிக்கப்பட்டது’ என்று செய்தி தருகிறார்கள். ஓடையோரம் கொட்டியது அழியாது ஐயா, ஓடைக்குள் இறங்கும்.

கோடையில் நகரத்துக்குக் கீழே ஆற்றில் ஈரம் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள்; அது நாம் விட்டதாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் தெருவில் சிந்திய ஆயில், சாணம், பாலித்தீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழுவிக்கொண்டு போகிறது. அந்த வழிக்கு அரசு வைத்திருக்கும் பெயர் மழைநீர் வடிகால். போய்ச் சேரும் முகத்துவாரம், உப்பும் நன்னீரும் கலந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற தொட்டில். தொட்டிலுக்கு நாம் அனுப்பும் சீர் இது.

கேட்பது பூமி பூஜைக்கும் கல்வெட்டுக்கும் இடமில்லாத சின்ன வேலைகள். ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லை. சாக்கடை ஆற்றில் விழும் ஒவ்வொரு வாயிலும் ஐப்பசிக்கு முன்னால் கம்பிச் சல்லடை போடுங்கள். அதில் சேர்வதை அள்ள ஆளும், அந்த ஆளுக்குக் கையுறையும் கொடுங்கள். கறிக்கடைக் கழிவுக்குத் தனி வண்டி விடுங்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை கோமுகி அணையில், நகரத்துக்குக் கீழே, பரங்கிப்பேட்டையில் என மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவை அலுவலக வாசலில் பிறந்தநாள் பேனருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சுந்தரர் எடுத்த பொன்னையே அப்படியே நம்பவில்லை. மாற்று உரைத்துப் பார்க்கப் பிள்ளையார் வந்தார் என்பது கதை. திருவாரூரில் அவர் பெயரே மாற்றுரைத்த பிள்ளையார். சாமி கொடுத்த பொன்னுக்கே சோதனை உண்டு. நீங்கள் அனுப்பும் தண்ணீருக்கு வேண்டாமா? ஒரு குப்பியில் பிடித்து உரைத்துப் பாருங்கள். முடிவைத் தைரியமாக ஒட்டுங்கள். பரங்கிப்பேட்டை மீனவருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது.