பொருந்தாதது எது?

சல்லியில் வீடு வைத்திருப்பவனுக்குக் கடல் கிட்ட, முத்துமாரியம்மன் கோவில் கிட்ட, பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள் மட்டும் எட்ட. முதலாம் வகுப்பு அனுமதிக்குக் கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றறிக்கை பாதி இடங்களைக் கிட்ட இருப்பவர்களுக்கே எழுதி வைத்திருக்கிறது. வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, கரண்ட் பில் என்று சகலதையும் கட்டித் தூக்கிக்கொண்டு போய், நீங்கள் அந்த மதிலுக்குப் பக்கத்தில்தான் காலம் காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பார்க்க, நீங்கள் கேட்கும் பள்ளியை விடக் கிட்ட இன்னொரு பள்ளி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். நாங்கள் சல்லியில் புறப்பட்டு, சாம்பல்தீவு, அலஸ்தோட்டம், உப்புவெளி தாண்டிப் பட்டணம் போய்ச் சேர்வதற்குள் என் புள்ளி பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அமைச்சுக்கு நான்தான் புள்ளி கடன் என்று நினைக்கிறேன்.

முன்வாசல் சாத்தினால் என்ன, அரசாங்கம் பின்வாசல் ஒன்றும் வைத்திருக்கிறது. அதுதான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. வருசத்துக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் ஆறாம் வகுப்புக்குப் பேர்பெற்ற பள்ளி ஒன்றைக் கேட்கலாம். மனுசிக்கு ஸ்ரீ சண்முகா என்றால் உயிர். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அந்த வெள்ளை உடுப்பில் மகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கனவு. என் கனவு அதைவிடச் சின்னது. சந்தியில் நின்று, யாராவது "பிள்ளை எங்க படிக்குது?" என்று கேட்கும்போது, அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பரீட்சைக்கு மூலபிதா அந்தக் காலத்துக் கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1943இல் வந்த அவருடைய விசேட குழு அறிக்கையும், 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் இல்லாவிட்டால் என் போன்ற ஆட்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வழி இருந்திராது. கிராமங்களுக்கென்று மத்திய கல்லூரிகளைக் கட்டி, கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க ஒரு பரீட்சையையும் வைத்தார். நல்ல மனுசன். ஏழைப் பிள்ளைக்கு வைத்த ஏணியில் அந்தப் பிள்ளையின் அப்பனும் சேர்ந்து ஏறுவான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஏணிக்கு இப்போது வாடகை வேறு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை சித்தியடைந்தால் அரசாங்கம் மாதம் 750 ரூபா கொடுத்து வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,500 ஆக்கினார்கள். நான் ரியூசனுக்கும், ரியூசனுக்குப் போகும் ஓட்டோவுக்கும், ரியூசனில் கொடுக்கும் தாள்களின் போட்டோக் கொப்பிக்கும் கட்டிய காசை அந்த உதவிப்பணத்தால் பிரித்துப் பார்த்தேன். மகள் பல்கலைக்கழகம் முடித்துப் பேத்திக்குக் காது குத்தும் காலத்தில்தான் முதல் திரும்பும்.

லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஆறலாம் என்று பார்த்தால், அவன் என்னைவிட மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் இருப்பது ஹரோவில். ஹரோ என்றதும் பேர்போன ஹரோ ஸ்கூலை நினைத்துவிடக் கூடாது. அந்த மதிலைச் சுற்றி அவன் கார் ஓட்டுவதுண்டு. அங்கே அரச கிரமர் பள்ளியில் சேரப் பதினொரு வயதில் 'லெவன் பிளஸ்' பரீட்சை. கன்னங்கரா அறிக்கைக்கு அடுத்த வருசம், 1944இல், பட்லர் என்ற மந்திரி கொண்டுவந்த கல்விச் சட்டத்தோடு அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒரே காலத்தில் இரண்டு தீவுக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது. எண்பது வருசம் கழித்து இரண்டு தீவிலும் ஒரே குடும்பம் நித்திரை முழிக்கிறது. அரச கிரமர் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் காசு கட்டும் தனிப் பள்ளிக்கு வேறு பரீட்சை, அதற்குப் பிறகு நேர்முகம். 2025 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து அந்தப் பள்ளிகளின் கட்டணத்துக்கு மேல் 20 வீதம் வற் வரியும் ஏறியது.

"அத்தான், நேர்முகத்துக்குத் தனி ரியூசன் பிடிச்சிருக்கிறன்" என்றான்.

"என்ன படிப்பிக்கினம்?"

"இயல்பா இருக்கிறது எப்பிடி எண்டு."

மணித்தியாலத்துக்கு எத்தனை பவுண் என்று அவன் சொன்னதை மனுசிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. எங்களூரில் அந்தத் தனிப் பள்ளி வியாதி பெரிதாகப் பரவவில்லை. 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது, கல்கிசை புனித தோமையார் போல ஒரு சிலதான் வெளியே நின்றன. அதில் ஒன்றும் சல்லிப் பக்கம் இல்லை. சல்லிக்காரன் அந்தக் கவலையை லண்டன்காரனிடம் விட்டுவிடலாம்.

மச்சான் அனுப்பிய படக் கேள்விகளும் எங்கள் நுண்ணறிவுத் தாளில் வரும் கேள்விகளும் அச்சு அசல் ஒன்று. ஒரு சதுரக் கடதாசியை இரண்டாக மடி, நாலாக மடி, மூலையில் ஒரு ஓட்டை போடு, விரித்தால் எப்படியிருக்கும்? மகள் ஒரு பார்வை பார்த்து மூன்றாவது படத்துக்குக் கீழே கோடு போட்டாள். அதைச் சரிபார்க்க நான் கையில் அகப்பட்ட ஒரு கடதாசியை மடித்து, ஓட்டையும் போட்டு விரித்தேன். விடை அவள் சொன்னதுதான். கடதாசி, மனுசி அடுத்த நாள் கட்டவென்று வைத்திருந்த கரண்ட் பில். நாலு ஓட்டையில் ஒன்று சரியாகக் கணக்கிலக்கத்தில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் சொற்கேள்விகளோடு நின்றுகொண்டேன். அதிலும் ஒரு நாள் வில்லங்கம் வந்தது. கேள்வி இதுதான்: பொருந்தாதது எது? சூடை, கீரி, பாரை, நண்டு.

"பாரை" என்றாள்.

"வடிவா யோசி பிள்ளை."

"பாரைதான் அப்பா."

"நண்டு, அம்மா. மத்ததெல்லாம் மீன். நண்டு மீன் இல்ல."

"கேள்வியில மீன் எண்டு எங்க இருக்கு?"

நானும் தேடிப் பார்த்தேன், இல்லைதான். அவள் விளக்கினாள். "சூடை, கீரி, நண்டு மூண்டும் எங்கட வீட்டுக்குக் கறிக்கு வரும். பாரை வராது. அம்மப்பா அதைக் கரையிலயே வித்துப்போடுவார்."

என் மாமனார் திண்ணையில் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அறுபது வருசம் கடலோடு கிடந்த மனுசன். நுண்ணறிவு என்று ஒரு பாடம் இருப்பதே அவருக்குப் பேத்தி சொல்லித்தான் தெரியும். ஊசியை வாயில் கவ்வியபடியே தீர்ப்புச் சொன்னார். "பிள்ளை சொன்னது சரி. மருமகன், கடைசியாப் பாரை எப்ப உங்கட கோப்பையில விழுந்தது, சொல்லுங்கோ பாப்பம்?"

நான் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து, விடை 4 என்று அச்சில் காட்டினேன். அதை எழுதினவன் மீன் வாங்கித் தின்னுறவன் என்றார் மாமா. வீட்டில் வாக்கெடுப்பு வைத்தால் எனக்கு என் வாக்கு மட்டும்தான் விழும் என்று தெரிந்ததால், பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, பரீட்சையில் மட்டும் நண்டு என்று எழுது, மற்ற நேரம் எதுவென்றாலும் வைத்துக்கொள் என்று சமரசம் பேசினேன். இப்போது யோசித்தால், லண்டனில் மச்சான் காசு கொடுத்துப் படிப்பித்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

மாமாவுக்கு என்மேல் வேறொரு சந்தேகமும் உண்டு. "நீங்க உந்தச் சோதினையில எத்தினை எடுத்தனீங்க?" என்று ஒரு நாள் மகளுக்கு முன்னால் கேட்டுவிட்டார். நான் எழுத வேண்டிய வருசம் 1990. அந்த வருச ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, திருகோணமலைச் சனம் சட்டி பானையோடு காடும் கடலும் தாண்டிப் போனது. கொப்பி, புத்தகம் என்று எதையும் யாரும் தூக்கவில்லை. ஆகவே என் புலமை பற்றி ஆவணம் எதுவும் கிடையாது. இதைச் சொல்லும்போது நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவது வழக்கம்; கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மாமா குனியவில்லை. தானும் அதே பாதையால் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்.

"அது சரி. அதுக்கு முந்தின தவணைச் சோதினையிலயும் சண்டையே நடந்தது?"

மனுசி சமையலறைக்குள் சிரித்தது திண்ணை வரைக்கும் கேட்டது.

மனுசரிடம் ஆதரவு இல்லாதபோது முத்துமாரியிடம்தான் போக வேண்டும். பேனை, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், அனுமதி அட்டையின் பிரதி எல்லாவற்றையும் தட்டத்தில் வைத்து அர்ச்சனை செய்வித்தேன். நேர்த்தியிலும் நான் விபரமாகவே இருந்தேன்: வெட்டுப்புள்ளியைத் தொட்டால் ஒரு பானைப் பொங்கல், பத்துக் கூடினால் மூன்று பானை, மாவட்டத்தில் முதலிடம் என்றால் பேசித் தீர்மானிக்கலாம். பக்கத்தில் நின்று கும்பிட்ட மகள் பிறகு என்னிடம், "அப்பா, அம்மாளாச்சிக்கும் வெட்டுப்புள்ளி வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னால் ஒரு நள்ளிரவில் இருந்து நாடு முழுவதும் ரியூசனுக்குத் தடை விழும். வகுப்பு, கருத்தரங்கு, மாதிரித்தாள் விநியோகம் எதுவும் கூடாது. மீறினால் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு முறையிடலாம். பிள்ளைகளை மூச்சு விட வைக்க அரசாங்கம் செய்யும் உருப்படியான காரியம் இது என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அதைத்தான் சொல்கிறேன். தடை தொடங்கிய அடுத்த நாள் விடிய, பல் தீட்டிக்கொண்டிருந்த மகளிடம் "எட்டேழு?" என்று கேட்டேன். அவள் வாயில் நுரையோடு திரும்பி, "அம்மப்பா, போனை எடுங்கோ, ஒண்டு ஒம்பது ஒண்டு ஒண்டு" என்றாள். மாமாவின் போனில் அதுவரை ஐஸ்காரனின் இலக்கத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. அன்றுதான் இரண்டாவது இலக்கம் பதிவானது.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. விடியவே மண்டப வாசலில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே வேம்புக்குக் கீழே நின்று, முந்தைய வருசக் கதையை முதலில் இருந்து பேசினோம். 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் முதலாம் தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன. பெற்றோர் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 31 அன்று, அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி தீர்ப்பானது. பத்து வயதுப் பிள்ளையின் ஒரு மணித்தியாலத் தாளுக்காக நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றமே கூடியிருக்கிறது. எங்களைப் பைத்தியம் என்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

மணியடித்தது. மகள் வெளியே வந்தாள், நேரே ஐஸ்கிறீம் வண்டியைப் பார்த்தபடி. நான் இடையில் புகுந்தேன்.

"முதலாம் தாள் எப்பிடி?"

"எந்த முதலாம் தாள்? முதலாவதா வந்த இரண்டாம் தாளா, இரண்டாவதா வந்த முதலாம் தாளா?"

பொய்யில்லை. ஒன்பதரைக்கு இரண்டாம் தாளையும், பதினொன்றே காலுக்கு முதலாம் தாளையும் கொடுக்கிறார்கள். நுண்ணறிவைச் சோதிக்க அதைவிட வேறு கேள்வி எதற்கு?

தாளை அவளிடம் இருந்து வாங்கி, ஐஸ்கிறீம் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மற்றத் தகப்பன்மாரோடு வேம்புக்குக் கீழே குந்தினேன். நாற்பதில் முப்பத்தொன்பதுக்கு ஒரே விடையில் வந்துவிட்டோம். அந்த மிச்ச ஒன்றுதான் பிரச்சினை. ஒருத்தர் இரண்டு என்கிறார், ஒருத்தர் நாலு என்கிறார், ஒருத்தர் கேள்வியே பிழை என்கிறார். பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் அவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள், கூப்பிட்டாலும் வருகிறார்களில்லை. வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு இன்னும் நடக்கிறது. இதை எழுதும்போது இரண்டாவது விடை சொற்ப வாக்கால் முன்னுக்கு நிற்கிறது. நாலாவதுகாரர் உயர் நீதிமன்றம் போகலாம் என்று ஆளுக்கு ஆயிரம் சேர்க்கிறார். நான் ஐந்நூறு கொடுத்திருக்கிறேன், மனுசிக்குச் சொல்லவில்லை.