குற்ற ஒப்புதல் விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள் சமூகத்திற்கு, முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவன் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது.

பொருள்: சொந்தக் கணினியில் கட்டற்ற இயங்குதளம் நிறுவிய குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக முகப்பில் எனக்கு மூன்று முறை வாய்மொழியாக வழங்கப்பட்ட மறுப்பு.

ஐயா,

என் ஓய்வூதியப் புத்தகத்தில் தகப்பனார் பெயரின் ஓர் எழுத்து பிசகியிருப்பதைத் திருத்தித் தரவேண்டி நான் அனுப்பிய மனு, முதல் முறை அதன் கோப்பு வடிவம் அன்னியமானது என்றும், இரண்டாம் முறை அதன் எழுத்துரு அன்னியமானது என்றும், மூன்றாம் முறை அதை ஏற்றிய உலாவியே அன்னியமானது என்றும் திருப்பப்பட்டபோது, பிசகு தகப்பனார் பெயரில் இல்லை, என்னிடத்தில்தான் இருக்கிறது என்ற ஞானம் சற்றுத் தாமதமாகவேனும் எனக்கு உதயமாயிற்று. ஆகவே தாங்கள் விசாரணைக்கு உத்தரவிடும் சிரமத்தைக் கொடாமல், நடந்ததை ஒன்றும் ஒளிக்காது எழுதிவிடுகிறேன்.

என் கணினி 2014ஆம் வருஷத்தில் வாங்கியது. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுறும் என்பதும், அடுத்த பதிப்பு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத இயந்திரங்களை ஏற்காது என்பதும் உலகமறிந்த அறிவிப்புகள். கடைக்காரர் தம் கடையை என்றைக்கு அடைப்பது என்பது அவருடைய சுதந்திரம். அதில் குறை காண எனக்குப் பாத்தியதை இல்லை. ஆயினும், பதினோரு வருஷ காலத்தில் ஒரு நாளும் படுத்துக்கொள்ளாத ஓர் இயந்திரத்தை, அதன் வயிற்றில் ஒரு சில்லு குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட என் மனம் ஒப்பவில்லை. அந்த பலவீனமான தருணத்தில்தான் குற்றம் நிகழ்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த வேளையில், விரல் நீளமுள்ள பென் டிரைவ் ஒன்றைச் செருகி, எஃப்12 பொத்தானை அழுத்திவிட்டு, "தாத்தா, பழைய ஃபைல் எல்லாம் காப்பி எடுத்தாச்சு, இனி அழிக்கலாமா?" என்று கேட்டாள். நான் சரி என்று தலையசைத்தேன். அவள் பாட்டி கொடுத்த காபியைக் குடித்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடிப்பதற்குள், லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளம் என் வீட்டில் பிரவேசித்துவிட்டது.

பிரவேசித்த மறுகணமே சகலமும் சுபமாயிற்று என்று சொன்னால் அது பொய்ச் சாட்சியாகும். என்னுடைய அச்சுப்பொறி இரண்டு நாள் மௌன விரதம் அனுஷ்டித்தது. மூன்றாம் நாள் பேத்தி ஏதோ மந்திரம் போல நான்கு வரி அடித்த பிறகே வாய் திறந்தது. மற்றபடி தமிழ்99 விசைப்பலகை முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. லிப்ரெ ஆபீஸில் நான் மனு எழுதினேன். ஒரு காலணாச் செலவில்லை. செலவில்லாமல் நியாயமாக ஒரு காரியம் முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் தோன்றியிருக்க வேண்டும்.

முதல் மறுப்பைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை. நான் அனுப்பிய கோப்பின் வடிவம் 2006ஆம் வருஷத்திலேயே சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் ஐஎஸ்ஓ 26300 என்று எண்ணிட்டு அங்கீகரித்தது என்று நான் சொல்ல, தங்கள் எழுத்தர், "அதெல்லாம் இருக்கட்டும் சார், இங்கே திறக்க மாட்டேங்குதே" என்றார். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு மேற்பட்ட பதில் கிடையாது.

இரண்டாவது மறுப்பு என் தொழிலைத் தொட்டது என்பதால் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாங்கள் கொடுத்த மாதிரிப் படிவத்தை என் கணினியில் திறந்தேன். முதல் வரியில் "மதிப்பிற்குரிய" என்றிருக்க வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துக்கள் சில, சின்னதும் பெரியதுமாக, சந்தையில் வழி தவறிய குழந்தைகளைப் போல நின்றன. உற்றுப் பார்த்தபோது, ப், ற் என்ற இரண்டு மெய்களின் தலைமேல் வீற்றிருக்க வேண்டிய புள்ளிகள் இரண்டும், ஆங்கில அரைப்புள்ளிகளாகி, பக்கத்தில் இறங்கி நின்றன. தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்யின் மேலிருந்த புள்ளியைக் கீழே இறக்கிவைத்த சாதனையைத் தங்கள் அலுவலகத்தின் பழைய எழுத்துரு ஒன்று சப்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழ். மற்ற இடங்களில் அது எந்த பாஷையும் அல்ல. 2010 ஜூன் மாதத்தில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடைத் தரமாகக் கொள்ளும்படி தமிழக அரசே ஆணை பிறப்பித்தது என்று மெல்ல நினைவூட்டினேன். ஆணை வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டபடியால் அது பழசாகிவிட்டது என்ற அர்த்தத்தில் எழுத்தர் புன்னகை செய்தார்.

மூன்றாவது மறுப்புக்குக் காரணம் மனு ஏற்றும் பக்கம். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில், 1024க்கு 768 என்ற திரை அளவில், நன்கு தெரியும் என்று அடியில் எழுதியிருந்தது. அந்த உலாவிக்கு 2022 ஜூன் 15ஆம் தேதி அதனுடைய சொந்தக்காரர்களே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். காலஞ்சென்றவருக்கு வருஷா வருஷம் திதி கொடுக்கலாம். அவர் கையில் மனுக் கொடுத்தனுப்பும் வித்தை எனக்குத் தெரியவில்லை.

"இந்த லினக்ஸுக்கு ஓனர் யாரு சார்?" என்று எழுத்தர் அப்போது கேட்ட கேள்வி நியாயமானது. குற்றம் என்றால் உடந்தையும் உண்டல்லவா? எனக்குத் தெரிந்தமட்டில் உடந்தையாக இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறேன். மூலவர், அமெரிக்காவில் எம்ஐடி பரிசோதனைச் சாலையில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர். காகிதம் சிக்கிக்கொண்டால் தகவல் சொல்லும்படி அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பி, அதன் மூலநிரல் மறுக்கப்பட்டு, அந்த மனத்தாங்கல் ஆறாமல் 1983ஆம் வருஷம் குனூ என்ற இயக்கத்தைத் தொடங்கியவர். அச்சுப்பொறியால் வந்த வினை என்பதால் அவர்மீது எனக்கு ஒரு தனி வாஞ்சை. இரண்டாமவர் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். இருபத்தோராம் வயதில், 1991ல், வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு லினக்ஸின் உள்ளுயிரான கருவகத்தை எழுதி ஊரார் கையில் கொடுத்துவிட்டார். உலகத்தின் ஐந்நூறு மகா கணினிகள் என்று வருஷத்துக்கு இரு தடவை பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பர் பட்டியல் தொடங்கி அத்தனையிலும் ஓடுவது அந்தப் பொழுதுபோக்குத்தான்.

இவர்கள் கடல் கடந்தவர்கள், பிடிக்க முடியாது என்று தாங்கள் கைவிட்டுவிடலாகாது. உள்ளூரிலும் ஆட்கள் உண்டு. சி-டாக் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம், சென்னையில் இருந்துகொண்டே 2007ஆம் வருஷத்தில் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸை வெளியிட்டது; பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு இனாமாக வழங்கிய மடிக்கணினிகளிலும் அது ஒரு பாகத்தில் குடியிருந்தது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் படிக்கிறார்கள். மத்திய சர்க்கார் 2015ல் வெளியிட்ட கொள்கை, சர்க்கார் காரியங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தரவேண்டும் என்று சொல்லுகிறது. பாதுகாப்பு அமைச்சகமோ 2023ல் உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'மாயா' என்ற இயங்குதளத்தை ஏற்கத் தொடங்கியது. பெயர் வேதாந்திகளுக்குச் சற்றுக் கலக்கம் தரும் என்றாலும் எதிரிகளுக்கும் தரும் என்று நம்புவோம். கடைசியாக, எழுத்தரின் மேல்சட்டைப் பையில் இருந்த ஆண்ட்ராய்டு தொலைபேசியும் லினக்ஸ் கருவகத்தில் ஓடுவதுதான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. குடும்பஸ்தர்.

தங்கள் கட்சிக்குச் சாதகமான முன்னுதாரணம் ஒன்றையும் மறைக்க மாட்டேன். ஜெர்மனியில் மியூனிக் நகரசபை 2003ஆம் வருஷம் தன் கணினிகளை, பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவற்றை, லினக்ஸுக்கு மாற்றுவதென்று தீர்மானித்தபோது, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை நிறுத்திவிட்டு நகர மேயரைக் காண நேரில் வந்தார் என்பது பிரசித்தம். தீர்மானம் அசையவில்லை, பத்து வருஷம் பாடுபட்டு மாற்றி முடித்தார்கள். 2017ல், மேயர் மாறிய பிறகு, அதே சபை பழையபடி விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. ஆகவே திரும்புவது நாகரிக தேசங்களிலும் உள்ள வழக்கந்தான். ஆனால் அவர்கள் பத்து வருஷம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தாங்கள் புறப்படாமலே திரும்பியிருக்கிறீர்கள். சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

இனி மனு எப்படி ஏற்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் முகவாட்டத்தைக் கண்டு இரங்கிய எழுத்தர், "எதிர்த்தாப்பல பிரவுசிங் சென்டர்ல கொடுங்க சார், முப்பது ரூபாய்தான், அவனுக்கு நம்ம ஃபார்மட் எல்லாம் அத்துப்படி" என்று வழி காட்டினார். போனேன். அங்கிருந்த தம்பி நல்ல சுறுசுறுப்பு. என் மனுவைப் பத்து நிமிஷத்தில் தங்கள் எழுத்துருவுக்கும் தங்கள் வடிவத்துக்கும் மாற்றினான். அவன் திரையின் வலது கீழ் மூலையில், இயங்குதளத்தை உரிய முறையில் உயிர்ப்பித்துக்கொள்ளும்படி கோரும் ஒரு மங்கலான வாசகம், ஈரச் சுவரில் பூத்த உப்பைப் போலப் படிந்திருந்தது. "இது என்னப்பா?" என்று கேட்டேன். "அது கிராக் போட்டது சார், வேலைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லே" என்றான். அதாவது, பணம் கொடாமல் எடுத்த சரக்கு. பணமே கேட்காமல் கொடுக்கப்பட்ட சரக்கில் நான் எழுதிய மனுவைத் தங்கள் அலுவலகம் மூன்று முறை தள்ளியது. களவு போன சரக்கில் பெயர்த்தெழுதிய அதே மனுவை அரைக்கண நேரத்தில் ஏற்று, ரசீதும் தந்தது.

ரசீது அச்சாகிக்கொண்டிருந்த சமயத்தில், தற்செயலாக, எழுத்தருடைய திரையின் வலது கீழ் மூலையை நான் பார்க்க நேர்ந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மேற்கொண்டு எழுதுவது மரியாதையாகாது.

அந்த வாசகம் ஒருகால் அலுவலக முத்திரையைப் போல அங்கீகாரத்தின் அடையாளமாக இருக்குமோ, அது இல்லாமற்போனதுதான் என் கணினியின் குறையோ என்று அன்றிரவு வெகு நேரம் யோசித்தேன். பேத்தியிடம் சொன்னேன். லினக்ஸில் உயிர்ப்பிக்க ஒன்றுமில்லை என்றாலும், அந்த வாசகத்தைப் படமாக எழுதி, அதே மங்கலில், அதே மூலையில் ஒட்டித் தருவது ஐந்து நிமிஷ வேலை என்கிறாள். அவ்வாறு ஒட்டிக்கொள்ள அனுமதி நல்கி, அதற்கான தடையின்மைச் சான்றையும் தயைகூர்ந்து அனுப்பிவைக்க வேண்டுகிறேன். சான்றைத் தங்கள் எழுத்துருவிலேயே அனுப்பலாம். எதிர்த்தாற்போலிருக்கும் கடையில் கொடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்.