ஊக்கம் போதாத டீச்சர்

அரசுத் தொடக்கப் பள்ளி ஏன் தேறவில்லை என்று கேட்டுப் பாருங்கள். மேலே இருப்பவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: ஆசிரியர்களுக்கு ஊக்கம் போதாது. ஆகவே அவர்களை ஒரு கூடத்தில் அடைத்து, மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, கைதட்டச் சொல்லி, சமோசா கொடுத்து அனுப்புகிறோம். போகும்போது கூகுள் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாதவர் ஊக்கமில்லாதவர்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டார வள மையத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருப்பார். மிச்சம் ஒரு டீச்சர். போதாக்குறைக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று வேறு பிரித்துவைத்தது. ஐந்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் இந்தக் கணக்கு, கல்வித் துறைக்குத்தான் இன்னும் வரவில்லை.

ஆள் கேட்ட இடத்துக்குப் பலகை வந்தது. 455 கோடி ரூபாயில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்றார்கள். பலகைமேல் எனக்குக் கோபமில்லை. கடலையே பார்த்திராத தருமபுரிப் பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் காட்டுகிறது. சாக்பீஸால் முடியாத காரியம். ஆனால் ஐந்து வகுப்பும் அந்த ஒரே அறையில். ‘அ’ எழுதிப் பழக வேண்டிய ஒன்றாம் வகுப்புக்காரன், ஐந்தாம் வகுப்பின் பாடத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைப் படமெடுத்து அனுப்பினால் ‘கற்றலில் ஆர்வம்’. அவன் பென்சில் பிடித்த கையை வளைத்துவிட இன்னொரு கை வேண்டும். அது எந்த டெண்டரிலும் வரவில்லை.

ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகளும் உண்டு. பாடம் நடத்தத்தானே என்கிறீர்களா? வெகுளி நீங்கள். வருகைப்பதிவு எமிஸ் என்ற அரசுத் தகவல் தளத்தில், மதிப்பீடு செயலியில். சர்வர் சுற்றும், டீச்சர் திரையைப் பார்ப்பார், பிள்ளைகள் டீச்சரைப் பார்ப்பார்கள். 2023-இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டம் அறிவித்தபோது, அதன் கோரிக்கைகளில் ஒன்று எமிஸ் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்பது. வேலை குறைய வேண்டும் என்று போராடுபவர்களைப் பார்த்திருக்கிறோம். தங்கள் வேலையைச் செய்யவிடுங்கள் என்று போராடியவர்கள் இவர்கள். இவர்களுக்குத்தான் ஊக்கம் இல்லையாம்!

டில்லி மட்டும் சும்மா இருக்குமா? தன் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்திவைத்துத் தன் பங்குக்கு ஊக்கமளித்தது.

பிள்ளைக்கு ஊக்கம் தருவது எது என்பது நமக்குத் தெரியாத ரகசியமில்லை. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டபோதே தெரிந்துவிட்டது. 1982-இல் சத்துணவாக, 2022-இல் காலை உணவாக மறுபடி மறுபடி தெரிந்தது. சோறு போட்டால் பிள்ளை வரும். வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்ற இடத்தில்தான் அரசாங்கத்துக்குத் திடீரென்று கஜானா ஞாபகம் வருகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களைக் கூப்பிட்டு மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கச் சொல்லலாம். அந்த வித்தையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர். இதற்குச் செயலி கிடையாது, கடவுச்சொல் கிடையாது, வெட்ட ரிப்பன் கிடையாது, கமிஷனும் கிடையாது. அதனாலேயே கோப்பு நகர மறுக்கிறது. பெயர் இல்லாததுதான் குறை என்றால் சங்க இலக்கியத்தில் தேடி நல்ல பெயராக ஒன்று தருகிறேன். வேண்டுமானால் டீச்சரின் அடையாள அட்டையில் க்யூஆர் கோடு ஒட்டிவிடுங்கள். ஸ்கேன் செய்தால் பாடம் நடத்துவார்.