கரையான் தின்ன பேரேடு

வாலே பேரப்பிள்ள, இப்பிடி உக்காரு. ஏதோ கம்பெனிக்கு நூற்றாண்டு மலர் எழுதப் போறியாமே? வழவழன்னு தாளு. அம்மிக்கல்லு கனம். மொத பக்கத்துல மொதலாளியோட தாத்தா படம். கதையையும் நானே சொல்லிருதேன். தாத்தா ஒத்தத் தகரப்பெட்டியோட பட்டணம் வந்தாரு, உழைச்சாரு, உசந்தாரு. பெட்டிக்குள்ள மாமனார் துட்டு இருந்துச்சுன்னு எந்த மலர்லயாவது படிச்சிருக்கியா?

கல்யாணத் தரகர் மாப்பிள்ளையப் பத்திச் சொல்லுதத வரலாறுன்னு நம்புவியா? மலரும் அந்தச் சாதிதாம்லே. கேட்டா 'கார்ப்பரேட் ஹிஸ்டரி'ங்கான். கோட்டு போட்ட தரகு!

மெட்ராஸ்ல அர்பத்நாட்னு ஒரு வெள்ளக்காரக் கம்பெனி. ஊரே நம்பிப் பணத்தப் போட்டு வச்சிருந்துச்சு. 1906 அக்டோபர்ல கவுந்துச்சு பாரு! மொதலாளி ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். சூடு பட்டவுக, நமக்குன்னு ஒரு பேங்கு வேணும்னு 1907ல இந்தியன் பேங்கத் தொடங்குனாவ. அந்த அர்பத்நாட்டு, கவுறதுக்கு மொத மாசம் மலர் போட்டிருந்தா என்ன தலைப்பு வச்சிருப்பான்? 'நம்பிக்கையின் மறுபெயர்'. வேற என்ன?

அதே அக்டோபர்ல எங்க தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியப் பதிஞ்சாரு. பங்கு 25 ரூவா. மொத்தம் 40,000 பங்கு, பத்து லட்சம் மூலதனம். 1907ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து கொழும்புக்கு ஓடுச்சு. எதிர்க்கடை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு வயிறு எரிஞ்சிச்சு. கட்டணத்தக் குறைச்சான், குறைச்சான், கடைசில சும்மாவே வான்னான். கையில குடை ஒண்ணும் குடுத்தான்னு ஊர்ல சொல்லுவாவ. அவன் மலருக்கு இத நீ எப்பிடி எழுதுவ? 'பயணிகள் மீது கொண்ட பரிவு'ன்னுதான?

1908 மார்ச்சுல வ.உ.சி.யத் தூக்கி உள்ள போட்டாச்சு. 1911ல கப்பல் கம்பெனிக்கு மூடுவிழா. செத்த கம்பெனிக்கு யாருலே மலர் போடுவா? அது கதையத் தேடுதவன் சர்க்கார் ரிக்கார்டத்தான் கிண்டணும். வேவு பாத்த போலீசுக்காரன் எழுதி வச்ச குறிப்பும் அதுல உண்டு. பகையாளி கணக்குலதான் நம்மாளு கதை கிடக்கு! வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி வருசக்கணக்காத் தேடி, 2023ல இங்கிலீசுல புத்தகமாப் போட்டாரு. அஞ்சு வருசம் தாக்குப்பிடிச்ச கம்பெனிக்கு அம்புட்டு தேடல். நீ நூறு வருசத்த மூணு மாசத்துல முடிச்சிருவியோ? கெட்டிக்காரந்தான்!

எழுத வேண்டாம்னு சொல்லலடே. கூலிய வாங்கிக்க, அதுல என்ன வெக்கம்? ஆனா மொத நாளே பழைய பேரேட்டக் கேளு. வேலைநிறுத்தம் நடந்த வருசத்துக் கடுதாசியக் கேளு. எடுத்துக் குடுத்தாம்னா உக்காந்து எழுது, அது வரலாறு. 'அய்யோ தம்பி, அத மட்டும் கரையான் தின்னுட்டே'ன்னாம்னா சிரிச்சிக்கிட்டே எந்திச்சு வா.

எண்பது வருசமாப் பாக்கேன். லாபக் கணக்கத் தின்ன கரையான் ஒண்ணக்கூட இதுவரைக்கும் நான் கண்டதில்ல.