பருப்புப் பானையும் ஜீரோ பாயிண்டும்

கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் சைப்ரஸ் தீவின் கிட்டியம் ஊர் வியாபாரி ஒருவர் ஊதாச் சாயத்தை ஏற்றிக்கொண்டு கப்பலில் கிளம்பினார். ராஜா வீட்டுத் துணிக்குப் போடுகிற சாயம், யானை விலை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குப் பக்கத்தில் கப்பல் முழுகிவிட்டது. வியாபாரியின் பெயர் ஜீனோ, வயது முப்பதை ஒட்டி. நம்மூர்க்காரராக இருந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஜோசியர் வீட்டுக்குப் போயிருப்பார். இவர் புத்தகக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றி ஜெனஃபோன் எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டு மயங்கிய ஜீனோ, "இந்த மாதிரி ஆளுங்க எங்க கிடைப்பாங்க?" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கிரேட்டீஸ் போனார். "அதோ போறார் பாருங்க, பின்னாலயே போங்க" என்றார் கடைக்காரர். காசு கொடுக்காமல் நின்று கேட்கிற ஆளைக் கிளப்ப அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஐந்நூறு வருடம் நின்ற ஸ்டோயிக் தத்துவம் இப்படித்தான் ஆரம்பமானது.

கிரேட்டீஸ் பெரிய இடத்துப் பிள்ளை. சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கோலும் போர்வையுமாகத் திரிந்தவர். புது சிஷ்யன் எதற்கெடுத்தாலும் கூச்சப்படுவதைக் கவனித்தவர், ஒரு பானை நிறையப் பருப்புக் கஞ்சியைக் கொடுத்துக் குயவர் பேட்டை வழியாகத் தூக்கி வரச் சொன்னார். ஜீனோ பானையைப் போர்வைக்குள் ஒளித்தார். கிரேட்டீஸ் கோலால் ஒரு தட்டுத் தட்ட, பானை உடைந்து பருப்பு காலெல்லாம் வழிய, ஜீனோ ஓட்டம் பிடித்தார். "இன்னாத்துக்கு ஓடுற, பினீசியக் குட்டி? உனக்கு ஒண்ணும் ஆயிடலையே!" என்று பின்னாலிருந்து குரல். இதை எழுதி வைத்தவர் டயோஜெனிஸ் லேர்ஷியஸ் என்ற பழைய வரலாற்றுக்காரர். ஊத்துக்கோட்டைத் தமிழ் மட்டும் என் உபயம்.

இந்தக் கதையை எங்கள் டீக்கடை பெஞ்சில் படித்த அன்றுதான் வம்பு தொடங்கியது.

பெஞ்சு என்றால் நாங்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார், கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி, டீ மாஸ்டர், நான். வாத்தியார் சென்னைப் புத்தகக் காட்சியில் மார்க்கஸ் அரேலியஸை வாங்கி வந்தார், வாரம் ஒரு நாள் பேசுவதென்று ஆனது. எதைப் படித்தாலும் "இது குறள்லயே இருக்கு" என்பார் வாத்தியார். உண்மைதான், இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. புறநானூற்றின் 192-ம் பாட்டும் இருக்கிறது. கணியன் பூங்குன்றனார் அதில் முழு ஸ்டோயிக் பாடத்தையும் வைத்திருக்கிறார். தமிழ்நாடு முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்து வளைவுகளில் எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டது. "குறள்ல இருக்கு சார், நம்மகிட்டதான் இல்ல" என்றான் தம்பி.

சரி, செய்து பார்ப்போம் என்று முடிவு. பருப்புக் கஞ்சிக்கு சாம்பார். எவர்சில்வர் தூக்கு நிறைய சாம்பாரோடு பஜார் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, நான்கு பேர் பார்க்கக் கூச்சத்தைக் கொல்ல வேண்டும். சீட்டுப் போட்டதில் தம்பி மாட்டினான். நாங்கள் பின்னால் நடந்தோம். கேலி ஒன்றும் வரவில்லை. மூன்று பேர் வழிமறித்து, "எந்த வூட்டு விசேஷம்?" என்று கேட்டார்கள். ஒருவர் தன் மச்சினி கல்யாணத்துக்கு முந்நூறு இலைக்கு ரேட் கேட்டு நம்பரும் வாங்கிக்கொண்டார். தெருமுனையில் திரும்பிய தம்பியின் முகத்தில் வைராக்கியத்தைக் காணோம். தொழில் ஆசைதான் தெரிந்தது.

ஜீனோ பிற்பாடு தேறிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு ஏதென்ஸில் நிலம் வாங்க உரிமை கிடையாது. அதனால் சந்தைவெளி ஓரத்தில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில், கி.மு. 300 வாக்கில், நடந்துகொண்டே பாடம் சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் பிடிக்காது. சும்மா வேடிக்கை பார்க்க நிற்பவர்களிடம் செப்புக்காசு கேட்பாராம். காசு என்றதும் கலைந்துவிடுவார்கள். உலகத் தத்துவ வரலாற்றில் ஆளை விரட்ட வசூல் செய்த முதல் ஆசிரியர் இவராகத்தான் இருக்கும்.

பிற்கால ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் பிரதான பாடம், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக்கொள்வது. இதற்கு எங்கள் பெரியவருக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்டார்கள். சென்னைக்கு வருடம் 12 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் என்று பேச்சு. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வந்து ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, இன்னும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் சேரும். கையெழுத்துக் காய்ந்து முதல் தண்ணீர் வந்தது 1996-ல். இன்னொரு பக்கம் ஆரணியாறு. மேலே பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால், யாரும் கேட்காமலே தண்ணீர் வந்து தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். கேட்ட தண்ணீர் வராது, கேட்காத தண்ணீர் நிற்காது.

"கண்டலேறு ஷட்டரு அவங்க கையில. பிச்சாட்டூர் ஷட்டரும் அவங்க கையில. எங்கிட்ட அளவுகோல்தான். எத்தினி கனஅடின்னு பாத்து எழுதறது என் கையில" என்றார் பெரியவர். எபிக்டெட்டஸ் கேட்டிருந்தால் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்திருப்பார்.

தம்பி விடவில்லை. "அப்போ ஓ.டி. காசு புடிச்சிகினாலும் கையில இல்லன்னு வுட்ரணுமா?" நியாயமான கேள்வி. இந்தத் தத்துவத்தை முதலாளிகள் விரும்பிப் படிப்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் எபிக்டெட்டஸே சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. ரோம் செனட்டுக்கு வராதே என்று ஹெல்விடியஸ் பிரிஸ்கஸுக்குப் பேரரசர் வெஸ்பாசியன் சொல்லியனுப்பினார். உறுப்பினராக இருக்கும்வரை வருவேன், கேட்டால் பேசுவேன் என்றார் ஹெல்விடியஸ். தலை போனது, அது அவர் கையில் இல்லை. போய் உட்கார்ந்தது அவர் கையில் இருந்தது. தம்பி யோசித்துவிட்டு, "அப்போ கேக்கலாம்" என்றான்.

ஸ்டோயிக் என்றால் முகத்தை சிமெண்டில் பூசி வைத்துக்கொள்வது என்று நினைப்பவர்கள், எங்களூருக்குப் பக்கத்தில் எல்லை தாண்டியிருக்கும் சுருட்டப்பள்ளிக்கு ஒரு பிரதோஷம் போய் வரலாம். ஆலகாலத்தைக் குடித்த சிவன் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று விறைத்து நிற்காமல், அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் ஒருமுறை புயலில் சிக்கிய கப்பலில் ஒரு ஸ்டோயிக் குருவைக் கவனித்தார். குரு வெளிறிப் போயிருந்தார். கரை வந்ததும் ஏன் என்று கேட்க, குரு பையிலிருந்து எபிக்டெட்டஸை எடுத்துக் காட்டினார்: உடம்பு நடுங்கத்தான் செய்யும், அந்த நடுக்கத்துக்கு மனசு ஆமாம் போடாதிருந்தால் போதும். வெளிறிய பிறகும் ஆதாரத்தைக் கையோடு வைத்திருந்த மனிதர்!

இவர்கள் எல்லாரிலும் எங்கள் பெஞ்சு தத்தெடுத்தது கிளியாந்திஸை. குத்துச்சண்டைக்காரர். நான்கு திராக்மாவோடு ஏதென்ஸ் வந்து இறங்கியவர். பகலில் ஜீனோவிடம் பாடம். இரவெல்லாம் தோட்டங்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கூலி. எங்கள் தம்பிக்கு முந்தைய நைட் ஷிப்ட். எழுதப் பாப்பிரஸ் வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் குறிப்பெடுத்தார். மந்தபுத்தி என்று கூடப் படித்தவர்கள் கழுதை என்றார்கள். ஆமாம், ஜீனோவின் சுமையை என்னால்தான் தூக்க முடியும் என்றார். வருமானம் ஒன்றும் தெரியவில்லை, உடம்பு மட்டும் எப்படி இப்படி இருக்கிறது என்று சந்தேகப்பட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். தோட்டக்காரரும், கிளியாந்திஸ் மாவு அரைத்துக் கொடுத்த ஒரு பெண்மணியும் வந்து சாட்சி சொன்னார்கள். நெகிழ்ந்த நீதிபதிகள் பத்து மினா பரிசு கொடுக்கச் சொன்னார்கள். வாங்காதே என்று தடுத்துவிட்டார் ஜீனோ. அந்த இடத்தில் பெஞ்சே ஜீனோவைத் திட்டியது. ஆயிரம் திராக்மா ஐயா அது! பத்தொன்பது வருடம் சிஷ்யராக இருந்து, ஜீனோ போன பிறகு பள்ளியின் தலைவரானது இந்தக் கழுதைதான்.

கிளியாந்திஸுக்கு மரியாதையாக ஒரு வாரம் தண்ணீர் தூக்குவது என்று அடுத்த பரிசோதனை. குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஏற இறங்கப் பார்த்து, "இன்னாணா, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். தத்துவப் பயிற்சி என்றேன். "குடம் தூக்கினா தத்துவமா? அப்போ நாங்கல்லாம் யாரு?" வரிசை முழுக்கச் சிரித்தது. சாம்பாரில் வராத கூச்சம் அங்கே மொத்தமாக வந்தது. இரண்டாம் நாள் போகவில்லை.

மற்றவர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரிசிப்பஸ் 705 நூல்கள் எழுதினார். ஒன்றில் யூரிபிடீஸின் மெடியா நாடகத்தை ஏறக்குறைய முழுதாகவே எடுத்துப் போட்டாராம். நோட்ஸ் போடுபவர்களின் ஆதி குரு. கழுதை அத்திப்பழம் தின்றதைப் பார்த்துச் சிரித்தே செத்தார் என்றும் ஒரு கதை. முசோனியஸ் ரூஃபஸ் கி.பி. 69-ல் ரோம் வாசலில் ஆயுதத்தோடு நின்ற படையிடம் சமாதானத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசப் போனார். சிலர் சிரித்தார்கள், பலர் கொட்டாவி விட்டார்கள், மிதிபடுவதற்குள் நிறுத்திக்கொண்டார். மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர். முகத்துக்கு நேரே "நீ சொல்றது தப்பு" என்று சொல்ல ஒரு பெஞ்சு இல்லாததால் தனக்குத்தானே எழுதிக்கொண்டார் என்பது என் கட்சி.

எபிக்டெட்டஸ் வீட்டில் இரும்பு விளக்கு திருடுபோனது. நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் இறந்த பிறகு அந்த மண் விளக்கை ஒருவர் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினாராம், அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வரும் என்று. திருடன் அவசரப்பட்டுவிட்டான்.

செனெகாவிடம் மட்டும் பெஞ்சு கொஞ்சம் கறார். வறுமையைப் பழகச் சொன்னவரிடம் முப்பது கோடி செஸ்டர்ஸ் சொத்து, யானைத் தந்தக் கால் வைத்த ஐந்நூறு மேசைகள் என்று அக்காலத்தவர்களும் பின்னால் வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவைப் பற்றியும் அவர் ஒரு புத்தகம் எழுதினார், அது தொலைந்துவிட்டது. ஆனால் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. தண்ணீர் இறைத்த கிளியாந்திஸ் ஐம்பது நூல்கள் அளவுக்கு எழுதினார். முழுசாக மிஞ்சியது சியூஸ் கடவுளைப் பற்றி ஏறத்தாழ நாற்பது வரிப் பாட்டு ஒன்றுதான்.