டி.வி.யை அணைக்காமல் வாழ்வது எப்படி?

ராயபுரத்தில் ஒரு ஹாலும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில், ஆறு பேரும் ஏழு திரைகளுமாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கான வழிகாட்டி இது. ஆளுக்கொரு அறை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படாது. அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

முதல் விதி. யாரும் பார்க்கவில்லையே என்று டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால், மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் ஆயாவிடமிருந்து காசிமேட்டு ஏலக் குரல் மாதிரி ஒன்று கிளம்பும்: "எவன்டா அத்த நிப்பாட்னது? நான் கேட்டுனுதான கீறேன்!" முகம் சுவர்ப் பக்கம், முதுகு டி.வி. பக்கம். இருந்தாலும் ஆயா சொல்வது உண்மை. மருமகள் எந்தக் காட்சியில் தாலியைக் கழற்றி வைத்தாள் என்று கேட்டுப் பாருங்கள், வசனத்தோடு சொல்வார்.

ஆயா சீரியலைக் கேட்கிறார். மற்றவர்கள் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் டி.வி. சத்தம்தான் சுவர். சீரியல் மாமியார் மயங்கி விழுந்தால் பின்னணி இசை லேசில் நிற்காது. காலேஜ் போகும் பெண் போனில் பேசி முடிக்க அது போதும். சீட்டுப் பணம் எப்போது கட்டுவது, நகையை எப்போது மீட்பது மாதிரியான விஷயங்களை விளம்பர இடைவேளைக்கு ஒதுக்குங்கள். அந்த நேரம் பிள்ளைகளின் காது வேலை செய்யாது. வால்யூம் 14க்குக் கீழே இறங்கினால் குடும்ப ரகசியம் வெளியேறும், 25ஐத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வருவார். இடையில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று பிள்ளைகள் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள், நீட்டினால் ஹெட்போன் மாட்டிக்கொள்வார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில், பெட்டி இருக்கிற வீட்டு ஜன்னலில் தெருவே தொங்கும். 1993 சித்திரை முதல் நாள் சன் டி.வி. வந்தது, கேபிள்காரர் உறவினர் ஆனார். 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்து, 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து முடித்தது. ஜன்னலில் தொங்கியவர்கள் அவரவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். சண்டை சச்சரவு இல்லாமலே தெரு பாகம் பிரிந்தது அப்போதுதான். 2016இல் ஜியோ வந்ததும் அந்தத் தரைக் கூட்டமும் கலைந்தது. அரசு கொடுத்த அந்த 14 அங்குலப் பெட்டி பரணில் இருந்தால் எறியாதீர்கள். மாத்திரை டப்பா வைக்க அதைவிட உறுதியான மேசை கிடைக்காது.

அடுத்தது கிரிக்கெட். இதற்குத் தனிக் கவனம் தேவை, ஏனென்றால் ராயபுரத்தில் இது கடலோடு சம்பந்தப்பட்ட பிரச்சினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில். ஐ.பி.எல். நடப்பதும் அதே கோடையில். வழக்கமாக ராத்திரியில் கடலில் இருப்பவர் திடீரென்று ஏழரை மணிக்கு ரிமோட்டுக்குக் கை நீட்டுவார். மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட சட்டம், குடும்ப அமைதியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ரிமோட்டைக் கொடுக்காதீர்கள், போனைக் கொடுங்கள். 2022 ஜூனில் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, இந்தியாவுக்குள் டி.வி. உரிமை ஒரு கம்பெனிக்கும் இணைய உரிமை இன்னொரு கம்பெனிக்கும் போனது. வீட்டுக்காரரும் ஆயாவும் பிரிந்து உட்கார வழி செய்தது இதுதான். பிறகு அந்தக் கம்பெனிகள் இரண்டும் ஒன்றாக இணைந்துவிட்டன. உங்கள் வீட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

போனில் ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் ஆட்டம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. நடுவில் நின்றுவிடக் கூடாதென்று போன் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அதனால் கேபிள் வீட்டுக்குப் பல நொடிகள் பின்தங்கியே இருப்பீர்கள். உங்கள் திரையில் பௌலர் ஓடி வரும்போதே எதிர்வீட்டிலிருந்து "அவுட்டு!" என்று அசரீரி கேட்கும். இதற்கு எரிச்சல்படுபவர்கள் உலகம் தெரியாதவர்கள். காதைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் மச்சானிடம் டீக்குப் பந்தயம் கட்டுங்கள். மச்சானுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தடைக்காலம் முடியும்வரை டீச்செலவு இல்லை.

"எல்லாரும் சேர்ந்து பார்த்த காலம் போச்சே" என்று புலம்பும் சித்தப்பாவை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் அவர் பார்த்தது டி.வி.யை மறைத்த தலைகளை. சேர்ந்து பார்ப்பது வேறு வழியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கு வராமல் நேராக ஓ.டி.டி.யில் வந்தது. வடசென்னைக் குத்துச்சண்டையை வடசென்னைக்காரன் உள்ளங்கையில் பார்க்க வேண்டிய நிலை. போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வையுங்கள். ஐந்து தலை தாராளமாக முட்டிக்கொள்ளலாம். 2023இல் 'எதிர்நீச்சல்' சீரியல் குணசேகரனின் அதட்டலை ஆயா டி.வி.யில் கேட்டார், பேரன் மீம்ஸில் கேட்டான். அவன் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் குணசேகரனாக நடித்த மாரிமுத்து செப்டம்பரில் இறந்த அன்று இருவரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக, ஸ்மார்ட் டி.வி. வாங்க எம்.சி. ரோடு பக்கம் கிளம்புகிறவர்களுக்கு. கடைக்காரர் 43 அங்குலத்தைக் காட்டுவார். முதலில் சுவரை அளந்துகொண்டு போங்கள், சாமி படம் எங்கே போகும் என்றும் முடிவு செய்யுங்கள். புது ரிமோட்டில் இருக்கும் பட்டன்களில் ஆயாவுக்குத் தேவையானவை நான்கு, மீதியை டேப் ஒட்டி மறைத்துவிடலாம். மேல் வீடும் நீங்களும் ஒரே வைஃபையைப் பங்கு போட்டுக்கொள்பவர்களாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. போனில் ஓடுவதைப் பெரிய திரைக்கு அனுப்பும்போது பட்டியலில் இரண்டு டி.வி. பெயர் வரும். பையன் அவசரத்தில் தப்பானதைத் தொட்டால், அவன் ராத்திரியில் ரகசியமாகப் பார்ப்பது மேல் வீட்டு ஹாலில் ஓடும். மேல் வீட்டு அக்கா நல்லவர். பாதியில் அணைக்க மாட்டார். முழுசாகப் பார்த்துவிட்டு, காலையில் தண்ணி பிடிக்கும்போது உங்களிடம் கதையைச் சொல்வார்.